பூப்போட்ட பனியன் துணியில் அரை அம்பரெல்லா கவுன்: வெட்டுவது முதல் ஓரம் அடிப்பது வரை

வாயிலிலும் பாப்ளினிலும் கை தேர்ந்தவர்கள்கூடப் பனியன் துணியைத் தொட்டால் தடுமாறுவது வழக்கம். நெய்த துணியில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாக ஓடித் துணியை ஒரே இடத்தில் பிடித்து வைத்திருக்கும். பின்னல் துணியில் நூல் வளையம் வளையமாகக் கோத்து நிற்கிறது. இழுத்தால் வளையம் அகலும், விட்டால் பழைய நிலைக்கு வரும். அதனால் பனியன் துணி தைப்பவர் ஒவ்வொரு தையலிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த இடம் நீள வேண்டுமா, நீளக்கூடாதா? தோள் நீளக்கூடாது. கழுத்துப் பட்டி நீண்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இடுப்பு, போடும்போது விரிந்து போட்டபின் பிடிக்க வேண்டும். இதைச் சரியாகத் தீர்மானித்தவருக்கு ஓரத்தை வெட்டிச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மிஷின் இல்லாவிட்டாலும் கவுன் நன்றாக வரும்.

இங்கே தைக்கப்போவது வட்டக் கழுத்து, குட்டைக் கை, உடம்போடு ஒட்டிய மேல்பாகம், இடுப்பிலிருந்து விரியும் அரை அம்பரெல்லா பாவாடை, அதாவது அரை வட்டமாக வெட்டிய பாவாடை. ஜிப் கிடையாது, வடிவத்துக்காகப் பிடித்துத் தைக்கும் டார்ட் கிடையாது, லைனிங் கிடையாது. பனியன் துணியின் சௌகரியமே அதுதான். அளவுக்கு மார்பு 36, இடுப்பு 30, பாவாடை நீளம் 26 அங்குலம் என்று வைத்துக்கொள்கிறோம். உங்கள் அளவை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்தத் துணி

முதல் கவுனுக்குக் காட்டன் லைக்ரா ஜெர்சி எடுங்கள். லைக்ரா என்பது ரப்பர்போல் நீண்டு திரும்பும் இழை, ஜெர்சி என்பது சாதாரண டீ-ஷர்ட் பின்னல். காட்டன் 95, லைக்ரா 5 என்ற கலவையில், 180 முதல் 220 ஜிஎஸ்எம் வரை. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். 150க்குக் கீழே போனால் உள்ளாடை தெரியும், ஓரம் சுருண்டு உயிரை வாங்கும். 240க்கு மேலே போனால் பாவாடை விழாமல் விறைத்து நிற்கும். இன்டர்லாக் என்னும் இரட்டைப் பின்னல் கிடைத்தால் இன்னும் சுலபம். அதன் ஓரம் சுருளாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் லைக்ரா இல்லாத இன்டர்லாக் முழங்கையிலும் இடுப்பிலும் நாளடைவில் தொளதொளத்துவிடும். விஸ்கோஸ் லைக்ரா பார்க்க மிக அழகாக விழும். பாவாடைக்கு அதைவிடப் பொருத்தமான துணி இல்லை என்றே சொல்லலாம். ஆனால் மேஜையில் வழுக்கும், வெட்டும்போதே நீளும். இரண்டாவது கவுனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் பின்னல் விலை குறைவு, சுருங்காது, பூவின் நிறம் பளிச்சென்று இருக்கும். நம் ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவது வேறு விஷயம்.

கடையில் நின்றபடியே மூன்று சோதனை செய்யலாம். முதலாவது நீட்டம். துணியை அகல வாக்கில் மடித்து, மடிப்பின்மேல் 4 அங்குலத்தை இரண்டு கையாலும் பிடித்துச் சிரமமில்லாமல் இழுங்கள். 5 அங்குலம் வந்தால் 25 சதவீதம், 6 வந்தால் 50 சதவீதம். இந்தக் கவுனுக்கு 30 சதவீதமாவது வேண்டும். விட்டதும் மறுபடி 4க்குத் திரும்புகிறதா என்பதுதான் இதைவிட முக்கியம். நாலேகாலில் நின்றுவிட்டால், அந்தத் துணியில் தைத்த இடுப்பு ஒரு மாதத்தில் தொங்கும்.

இரண்டாவது, பூவை இழுத்துப் பார்ப்பது. கருநீலம், மெரூன் மாதிரி அடர் நிறத் துணிகள் பலவற்றில் நிறம் மேற்பரப்பில் மட்டும் இருக்கும். இழுத்தால் வளையங்களுக்கு இடையே வெள்ளை எட்டிப் பார்க்கும். மார்பிலும் தோளிலும் துணி எந்நேரமும் கொஞ்சம் நீண்டே இருப்பதால் அங்கெல்லாம் பூ வெளுத்துத் தெரியும். பூவைத் தடவிப் பாருங்கள். துணியின்மேல் ஒட்டி நிற்கும் பிக்மென்ட் பிரின்ட் கெட்டியாகப் படிந்திருந்தால் அந்த இடத்தில் துணியின் நீட்டமும் குறைந்திருக்கும்.

மூன்றாவது, வரிசை. துணியின் முன்பக்கத்தைக் கூர்ந்து பார்த்தால் குட்டிக் குட்டி ‘வி’ எழுத்துகள் செங்குத்தாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியதுபோல் ஓடும். அந்தக் கோடுதான் துணியின் நேர்ப்போக்கு. பூக்களின் வரிசை அந்தக் கோட்டுக்குச் சரிகுறுக்காக ஓடுகிறதா என்று பாருங்கள். முழு அகலத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால் வாங்காதீர்கள். பின்னலைப் பார்த்து வெட்டினால் பூ சாயும், பூவைப் பார்த்து வெட்டினால் துவைத்தபின் பக்கத் தையல் முன்பக்கம் திரும்பி வரும். வெளிச்சத்தில் பிடித்து நீடில் லைன் (பின்னல் ஊசிக் கோளாறால் நீளவாக்கில் விழும் கோடு), பொத்தல், ஆயில் கறை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் எக்ஸ்போர்ட் மிச்சத் துணி வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

எத்தனை மீட்டர், எத்தனை கிலோ

பனியன் துணி பல இடங்களில் கிலோ கணக்கில்தான் கிடைக்கும். மீட்டராக மாற்றச் சுலபமான கணக்கு உண்டு: 1000ஐ ஜிஎஸ்எம்மால் வகுங்கள், வந்ததை மீட்டர் கணக்கில் உள்ள அகலத்தால் வகுங்கள். 200 ஜிஎஸ்எம், 60 அங்குலம் அதாவது சுமார் 1.5 மீட்டர் அகலம் என்றால் ஒரு கிலோவில் ஏறக்குறைய 3.3 மீட்டர். அகலத்தைத் திருப்பூரில் டயா என்பார்கள். குழாய் வடிவில் வரும் துணியில் டயா 30 என்றால் பிரித்தால் 60.

இந்தக் கவுனுக்கு 60 அங்குல அகலத்தில் 2.5 மீட்டர் போதும், அதாவது முக்கால் கிலோ. பெரிய பூவாக இருந்தால் ஒரு ரிப்பீட் நீளம், அதாவது ஒரு பூவிலிருந்து அதே பூ மறுபடி வரும் தூரம், கூடுதலாக வாங்குங்கள். 48 அங்குல அகலத்தில் இந்தப் பாவாடை இரண்டு துண்டாக வராது, நான்கு துண்டாக வெட்ட நேரும்.

வாங்கியதும் வெட்டக்கூடாது. காம்பேக்டிங், அதாவது ஆலையிலேயே சுருக்கிவிடும் வேலை, செய்த துணி குறைவாகச் சுருங்கும். செய்யாத காட்டன் பின்னல் நீளத்தில் 5 முதல் 8 சதவீதம்வரைகூட உள்ளே போகும். 15 அங்குல மேல்பாகத்தில் 6 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட ஒரு அங்குலம். இடுப்பு விலாவில் வந்து உட்கார்ந்துவிடும். கவுனை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துணியை இரண்டு முறை துவைத்து, தொங்கவிடாமல் பரப்பிக் காயவையுங்கள். அடர் நிறமாக இருந்தால் முதல் தண்ணீரைத் தனியாகப் பாருங்கள்.

ஊசி, நூல், மிஷின்

சாதாரணக் கூர் ஊசி பின்னலின் வளையத்தைக் குத்தி அறுக்கும். அன்றைக்குத் தெரியாது. நாலு துவையல் போனபின் தையல் ஓரமாக வரிசையாக ஓட்டை தெரியும், அங்கிருந்து ஏணிபோல் கீறல் ஓடும். பால் பாயிண்ட் ஊசியின் முனை மழுங்கியிருப்பதால் வளையத்தை விலக்கிக்கொண்டு இறங்கும். லைக்ரா கலந்த துணிக்கு ஸ்ட்ரெச் ஊசி என்று தனியாக உண்டு. லைக்ரா ஊசியோடு சேர்ந்து மேலும் கீழும் துள்ளுவதால் நூல் வளையம் விரியாமல் போகும், மிஷினின் அடியிலுள்ள கொக்கி அதைப் பிடிக்காமல் விட்டுவிடும். தையல் விட்டு விட்டு விழுவது இதனால்தான். ஸ்ட்ரெச் ஊசியில் காதுக்குச் சற்று மேலே, கொக்கி நெருங்கி வரும் இடம் ஆழமாகச் செதுக்கப்பட்டிருக்கும். இரண்டிலும் 75/11 என்ற எண்ணைக் கேளுங்கள். துணி கனமாக இருந்தால் 90/14. வீட்டு மிஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டை, பவர் மிஷின் ஊசியின் தண்டு உருண்டை. மாற்றி வாங்கி வராதீர்கள்.

நூல் பாலியஸ்டர்தான். காட்டன் நூல் போட்டால் கவுனைத் தலைவழியே போடும்போதே இடுப்பில் ‘டப்’பென்று அறுபடும்.

ஜிக்ஜாக் உள்ள மிஷினில் எல்லா இணைப்புத் தையலுக்கும் அகலம் 1, நீளம் 2.5 வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க நேர்த்தையல்போலவே இருக்கும், இழுத்தால் நீளும். உழைக்கும் கறுப்புப் பெடல் மிஷினில் நேர்த்தையல் மட்டும்தான் என்றால், நீளம் 2 வைத்து, மேல் நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, ஊசிக்கு முன்னும் பின்னும் துணியைப் பிடித்து லேசாக நீட்டியபடி தையுங்கள். லேசாக என்றால் லேசாகத்தான். 10 அங்குலம் 11 ஆகலாம், 12 ஆனால் தையல் அலை அலையாக நின்றுவிடும். பிரஷர் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு மேலே இருக்கும், அதையும் இரண்டு சுற்று தளர்த்துங்கள்.

உண்மையான துணிக்கு வருமுன் வெட்டிய மிச்சத்தில் 8 அங்குலம் தைத்து, அறுபடும் அளவுக்கு இழுத்துப் பாருங்கள். நூல் துணிக்கு முன்பே அறுந்தால் இறுக்கம் அதிகம் அல்லது தையல் நீளம் அதிகம். ஜிக்ஜாக் தையலைப் பனியன் துணியிலிருந்து பிரிப்பதைப்போல் பொறுமையைச் சோதிக்கும் வேலை தையலில் வேறில்லை. இந்தச் சோதனைக்குச் செலவிடும் பத்து நிமிடம் வீணில்லை.

ஓவர்லாக் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பின்னல் துணி பிசிறு விடாது. உள்ளே சுத்தமாகத் தெரிய வேண்டும் என்பவர்கள் தைத்து முடித்த துண்டுகளைத் தெருமுனைத் தையல் கடையில் கொடுத்து ஓவர்லாக் போட்டுக்கொள்ளலாம். அப்போது, கத்தி ஓரத்தை மட்டும் தொட்டால் போதும், உள்ளே வெட்டிவிட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

பேட்டர்ன்

ஜாக்கெட் பேட்டர்னை வைத்துப் பனியன் துணி வெட்டாதீர்கள். அது நெய்த துணிக்கான கணக்கு. டார்ட்டும் இருக்கும், தளர்ச்சியும் இருக்கும். அதற்குப் பதிலாக உங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் டீ-ஷர்ட் ஒன்றை எடுங்கள், ஏறக்குறைய இதே நீட்டமுள்ள துணியாக. அதை நடுவில் மடித்துக் காகிதத்தில் வைத்து, தோள், கைக்குழி, பக்கம் ஆகியவற்றைச் சுற்றி வரையுங்கள். கையைத் தனியாக மடித்து வரையுங்கள். பிறகு கீழ்க்கண்ட அளவுகளோடு ஒத்துப்பாருங்கள்.

டேப்பில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். இந்தக் கவுனில் இடுப்பு தவிர எல்லாத் தையலுக்கும் மூன்று நூல் விடுகிறோம்.

மார்பு 36ஐ நாலாக வகுத்தால் 9. பனியன் துணிக்குத் தளர்ச்சி சேர்க்க வேண்டாம். 9ம் மூன்று நூலும் போதும். இடுப்பில் 30க்குப் பதில் 32 வைத்து, நாலில் ஒன்று 8ம் மூன்று நூலும். மிச்ச 2 அங்குலத்தை எலாஸ்டிக் பிடித்துக்கொள்ளும். பாதித் தோள் 7 என்றால் ஆறரை வெட்டுங்கள், கையின் எடை மீதியைக் கீழே இழுத்துவிடும். கழுத்து அகலம் பாதிக்கு மூன்றரை, முன் இறக்கம் 5, பின் இறக்கம் 2, எல்லாம் தையல் கோட்டில். தோளின் கழுத்து முனையிலிருந்து இடுப்புவரை உங்கள் அளவு பதினைந்தரை என்றால் 15 வைத்து, அதற்குமேல் தோளுக்கு மூன்று நூலும் இடுப்புக்கு முக்கால் அங்குலமும் விடுங்கள். அரை அங்குலம் ஏன் குறைக்கிறோம்? 200 ஜிஎஸ்எம் துணியில் இந்தப் பாவாடை மட்டும் ஏறக்குறைய கால் கிலோ எடை. அது இடுப்பிலிருந்து தொங்கி மேல்பாகத்தைக் கீழே இழுக்கும். இதைக் கணக்கில் எடுக்காத கவுனில் இடுப்பு தொப்புளுக்குக் கீழே போய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பாவாடைக்குச் சுருக்கு வைக்கலாமே என்று தோன்றும். மெல்லிய வாயிலில் சுருக்கு அழகு. பனியன் துணியில் சுருக்கு இடுப்பில் கட்டையாகத் திரளும், எடையும் கூடும். அரை அம்பரெல்லா இடுப்பில் மெலிந்து, கீழே விரிந்து, நடக்கும்போது அசையும்.

அதன் கணக்கு இது. அரை வட்ட வளைவின் நீளம், ஆரத்தைப்போல் 3.14 மடங்கு. இடுப்புத் தையல் 32, அதை 3.14ஆல் வகுத்தால் ஏறக்குறைய 10.2. அதில் தையலுக்கு முக்கால் அங்குலம் உள்ளே போனால் வெட்டும் ஆரம் ஒன்பதரை. கீழே 10.2ஓடு நீளம் 26, ஓரத்துக்கு 1 சேர்த்தால் முப்பத்தேழேகால். பெரிய காகிதத்தின் ஒரு மூலையை எடுத்து, இரண்டு ஓரமும் சேரும்படி கோணலாக மடியுங்கள். 45 பாகைக் கூம்பு கிடைக்கும். மூலையில் டேப்பின் நுனியைப் பிடித்து ஒன்பதரையில் ஒரு வளைவு, முப்பத்தேழேகாலில் ஒரு வளைவு வரையுங்கள். ஒரு நேர் ஓரம் துணியின் மடிப்பில் வரும், அது நடு முன். மற்ற ஓரத்தில் பக்கத் தையலுக்கு மூன்று நூல் சேருங்கள். இந்தக் காகிதமே முன்னுக்கும் பின்னுக்கும். 60 அங்குல அகலத்தில் இம்முறையில் 30 அங்குல நீளம்வரை வரும், அதற்குமேல் அகலம் பத்தாது.

நேர்த்தையல் மட்டுமே உள்ள மிஷின்காரர்கள் இடுப்பை 32க்குப் பதில் 34 வைத்து மேலும் கீழும் திருத்திக்கொள்ளுங்கள். தலைவழியே போடும்போது இடுப்புத் தையல் தோளையும் மார்பையும் தாண்ட வேண்டும். அங்கே நூலுக்கு விழும் இழுப்பு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

பூவைப் பார்த்து வெட்டுதல்

துணியை மேஜையிலோ தரையிலோ முழுதாகப் பரப்புங்கள். ஒரு பகுதி மேஜையிலிருந்து தொங்கினால் அதன் எடையே துணியை நீட்டிவிடும். வெட்டியதும் துண்டு சுருங்கி அளவு குறையும். பரப்பியபின் அரை மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். குழாய்த் துணியானால் பக்கவாட்டு மடிப்புத் தடம் பல நேரம் இஸ்திரியில்கூடப் போகாது. அந்தத் தடத்தின் வழியாகவே பிரித்துவிட்டால் அது ஓரத்துக்குப் போய்விடும்.

முதலில் பூவுக்குத் தலைகீழ் உண்டா என்று பாருங்கள். காம்பெல்லாம் ஒரே பக்கம் நோக்கினால் எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் வைக்கப்பட வேண்டும். சிதறிய பூ என்றால் கவலையில்லை. உள்ளங்கை அளவுக்கு மேற்பட்ட பூவானால், முன் துண்டை வைக்கும்போது இரண்டு மார்பின் உச்சியிலும் பூ வந்து உட்காராமல் பாருங்கள். அதைவிடக் கண்ணை உறுத்தும் தவறு கிடையாது. ஒரு பெரிய பூ நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, தோளுக்கும் மார்புக்கும் இடையே விழுவது நன்றாக இருக்கும். பாவாடையில் நடு முன் நேர்ப்போக்கில் இருப்பதால் அங்கே பூ நிமிர்ந்து நிற்கும், பக்கங்களுக்குப் போகப் போகச் சாயும். பக்கத் தையலில் பூவைச் சேர்க்க முயலாதீர்கள். இரண்டு துண்டும் எதிரெதிர்க் கோணத்தில் வருவதால் சேரவே சேராது, யாரும் பார்க்கப்போவதும் இல்லை. இடுப்பின் நடுவில் மட்டும் பூத்தலை பாதியாக வெட்டுப்படாமல் இருந்தால் போதும்.

பாவாடைக்குத் துணியை நடுவில் ஒரே மடிப்பாக மடித்து, முன்னும் பின்னும் ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். இரண்டுக்கும் சேர்த்து சுமார் 62 அங்குலம் போகும். மீதியில் இரண்டு ஓரங்களையும் நடுவுக்குக் கொண்டுவந்து இரண்டு மடிப்பு ஆக்கினால், ஒன்றில் முன் துண்டு, மற்றதில் பின் துண்டு. அதற்குக் கீழே கைகள். கழுத்துப் பட்டியை அகல வாக்கில், அதாவது அதிகம் நீளும் பக்கமாக, ஒன்றரை அங்குல அகலத்தில் வெட்டுங்கள். குண்டூசிக்குப் பதில் காகிதத்தின்மேல் எவர்சில்வர் தம்ளர்களைக் கனமாக வைத்துச் சாக்பீஸால் வரைந்து வெட்டுவது பனியன் துணிக்கு நல்லது. குத்தியே ஆக வேண்டுமென்றால் தையலுக்கு விட்ட இடத்துக்குள் மட்டும் குத்துங்கள்.

சிங்கிள் ஜெர்சி வெட்டியவுடன் சுருளும். மேலும் கீழும் உள்ள ஓரம் முன்பக்கமாகச் சுருளும், பக்கவாட்டு ஓரம் பின்பக்கமாகச் சுருளும். துண்டின் உள்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு குறி போட்டுவிட்டால் குழப்பம் வராது.

தையல் வரிசை

1. தோள். பின் துண்டின் தோளில் கால் அங்குல மொபிலான் டேப்பை (கண்ணாடிபோன்ற மெல்லிய எலாஸ்டிக் பட்டி), அது கிடைக்காவிட்டால் மெல்லிய காட்டன் நாடாவை வைத்து, இழுக்காமல் சேர்த்துத் தையுங்கள். இந்த இடம் மட்டும் நீண்டு தொங்கவே கூடாது.

2. கழுத்துப் பட்டி. கழுத்துத் தையல் கோட்டை டேப்பை நிறுத்தி அளந்தால் நம் கணக்கில் 22 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். லைக்ரா உள்ள துணிக்கு அதில் 85 முதல் 88 சதவீதம், லைக்ரா இல்லாததற்கு 90 முதல் 92. இங்கே 19¼ அங்குலம், தையலுக்கு முக்கால் சேர்த்து 20. பட்டியை வளையமாகத் தைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, நாலு இடத்தில் குறியிடுங்கள். கழுத்தையும் நாலாகப் பிரித்துக் குறியிடுங்கள். ஆனால் நாலு சம பாகமாக. பக்கக் குறி தோள் தையலில் விழாது, அதற்குக் கொஞ்சம் முன்னே விழும். பட்டியின் தையலைப் பின் நடுவில் வைத்து, குறிக்குக் குறி சேர்த்து, பட்டியை மட்டும் நீட்டித் தையுங்கள், கழுத்தை நீட்டாதீர்கள். பட்டி மேலே இருக்கும்படி தைத்தால் எவ்வளவு நீட்டுகிறோம் என்று கண்ணுக்குத் தெரியும். கழுத்து எழும்பி நின்றால் பட்டி நீளம் அதிகம், பிரித்து அரை அங்குலம் குறையுங்கள். கழுத்தைச் சுற்றிச் சுருக்கம் விழுந்தால் பட்டி குட்டை. கடைசியாகத் தையல் ஓரத்தை உடம்புப் பக்கம் திருப்பி, மேலே ஒரு மெல்லிய ஜிக்ஜாக் ஓட்டுங்கள். பட்டி புரளாது.

3. கை. பக்கத்தைத் தைக்குமுன் கையைத் தட்டையாகவே கைக்குழியில் பொருத்துங்கள். வட்டமாகத் தைத்த குழிக்குள் வட்டமான கையைப் பொருத்துவது புதியவர்களுக்கு வேண்டாத வேலை. பின்னல் துணியில் கையின் மேல்வளைவும் கைக்குழியும் ஒரே நீளம் இருந்தால் போதும். லேசான பஃப் வேண்டுமென்றால் கைப் பேட்டர்னை நடுவில் வெட்டி ஒன்றரை அங்குலம் விலக்கி வரைந்து, உச்சியில் மட்டும் சுருக்குங்கள்.

4. பக்கம். கையின் அடியிலிருந்து இடுப்புவரை ஒரே ஓட்டத்தில். அக்குளில் இரண்டு தையலும் சேரும் இடத்தில் ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் திருப்பினால் முடிச்சாகத் திரளாது. பாவாடையின் பக்கங்களையும் தைத்துவிடுங்கள். அவை கோணல் போக்கில் இருப்பதால் இழுக்காமல், துணியை மிஷின் தானாக எடுத்துக்கொள்ள விடுங்கள்.

5. இடுப்பு. மேல்பாகத்தை வெளிப்பக்கம் தெரியத் திருப்பிப் பாவாடைக்குள் விட்டு, நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் சேர்த்து, நடுக்களையும் பக்கங்களையும் பிடித்து முக்கால் அங்குலத்தில் தையுங்கள். பாவாடையின் வளைவு கொஞ்சம் சிறியதாகத் தோன்றும், நீட்டினால் சேர்ந்துகொள்ளும். பிறகு தையலுக்கு விட்ட அந்த இரண்டு அடுக்கிலேயே, முதல் தையலிலிருந்து ஐந்து நூல் தள்ளி, ஓரத்தை ஒட்டி இன்னொரு தையல் ஓட்டுங்கள். பின்பக்கம் 2 அங்குலம் விட்டுவிடுங்கள். இப்போது இரண்டு தையலுக்கும் நடுவே ஒரு குழாய் கிடைத்துவிட்டது. அரை அங்குல எலாஸ்டிக்கை இடுப்பளவில் 2 குறைத்து, சேர்க்க 1 கூட்டி, 29 அங்குலம் வெட்டி ஊக்கில் மாட்டி உள்ளே ஓட்டுங்கள். நுனிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துச் சதுரமாகத் தைக்குமுன் கவுனைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். உட்கார்ந்து பார்ப்பதும் முக்கியம், நிற்கும்போது சரியாக இருக்கும் எலாஸ்டிக் சாப்பிட்டபின் அறுக்கும்.

ஓரம் அடிப்பது

தைத்த கையோடு ஓரம் அடிக்காதீர்கள். ஹேங்கரில் ஒரு முழு நாள் தொங்கவிடுங்கள். இந்த அம்பரெல்லாவில் நடுவில் துணி நேர்ப்போக்கு, பக்கத் தையலை நெருங்க நெருங்கக் கோணல் போக்கு. கோணல் பகுதி தன் எடையிலேயே இறங்கும், சில துணிகளில் ஒரு அங்குலம்வரை. மறுநாள் கவுனைப் போட்டுக்கொண்டு, இன்னொருவரை ஸ்கேல் வைத்துத் தரையிலிருந்து ஒரே உயரத்தில் சுற்றிலும் குறியிடச் சொல்லி, ஏற்ற இறக்கத்தை வெட்டிவிடுங்கள்.

பிசிறு விடாத துணி என்பதால் ஒரே மடிப்பு போதும். இரண்டு மடிப்பு வைத்தால் ஓரம் கயிறுபோல் உருண்டு நிற்கும். அரை அங்குலம் உள்ளே மடித்து முதலில் இஸ்திரி போடுங்கள். பெட்டியைத் தேய்க்காமல், வைத்து எடுத்து, வைத்து எடுத்து. பூப்போட்ட பக்கத்தில் நேராகச் சூடு படாமல் உள்பக்கம் போடுவது பாதுகாப்பு. ஜிக்ஜாக் மிஷின் இருந்தால் ஸ்ட்ரெச் இரட்டை ஊசி, 4 மில்லிமீட்டர் இடைவெளியுள்ளது, வாங்கி மாட்டுங்கள். கடை டீ-ஷர்ட்டின் ஓரம்போல் மேலே இரண்டு கோடும் உள்ளே ஜிக்ஜாக்கும் விழும். இரண்டு கோட்டுக்கும் நடுவே துணி மேடுபோல் எழுந்தால் மேல் நூலைத் தளர்த்துங்கள். நேர்த்தையல் மிஷினில் தையல் நீளத்தை 3 ஆக்கிக்கொண்டு ஓட்டுங்கள். பாவாடை ஓரம் அகலமானது, இழுப்புப் படாது, அறுபடாது. கையின் ஓரத்தை மட்டும் லேசாக நீட்டித் தையுங்கள்.

ஓரம் அலை அலையாக வந்துவிட்டால் உடனே பிரிக்க வேண்டாம். ஆவி இஸ்திரியைத் துணிக்கு மேலே தொடாமல் பிடித்து, கையால் தட்டிச் சேர்த்தால் காட்டன் லைக்ராவில் பாதி அலை அடங்கிவிடும். அடங்காவிட்டால் பிரஷர் ஃபுட்டின் அழுத்தம் அதிகம் என்று பொருள். திருகைத் தளர்த்தி, துணிக்கு அடியில் டிஷ்யூ பேப்பர் ஒரு பட்டை வைத்துத் தைத்து, பிறகு கிழித்து எடுத்துவிடுங்கள். தையல் ஆரம்பத்தில் துணியை மிஷின் பல்லுக்குள் இழுத்துக்கொண்டால் இரண்டு நூல் நுனிகளையும் பின்பக்கம் பிடித்துக்கொண்டு, ஒரு சிறு துண்டுத் துணியில் தையலைத் தொடங்கி அதிலிருந்து கவுனுக்குள் ஓட்டுங்கள்.

துவைத்தபின் கொடியில் தோளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஈரப் பாவாடையின் எடை மேல்பாகத்தை இழுத்துவிடும், நாடா வைத்த தோள் மட்டும் தாங்கும். இடுப்பில் மடித்துக் கொடியின்மேல் போடுங்கள், உள்பக்கம் வெளியே தெரிய, நிழலில்.